துரையின் காருக்குப் பின்னச்சு பூட்டிய கதை

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டார்.

"அக்கா, நீங்கள் கனகாலம் கராஜிலை வேலை செய்தனீங்கள். பெண்கள் எப்பிடி முன்னேறலாம் எண்டு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ."

முன்னேறுவதைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, என் வேலை பெரும்பாலும் வாகனங்களின் பின்பக்கத்தில்தான் நடந்தது என்றேன். தம்பி சிரிக்கவில்லை. மலர்க்குழுவில் இருப்பவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "அப்ப அதையே எழுதுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே பின்பக்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

என் பெயர் இராசேஸ்வரி. நொர்வேயில், ஒஸ்லோ நகரத்து ஹொல்ம்லியாவில் இருக்கிறேன். ஓய்வு பெற்றது போன வருடம். வேலையிடத்தில் என் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. முன் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதையும் தங்கள் எழுத்தில் எழுதி, 'ஜ'வை 'ய' என்கிற தங்கள் பாணியில் வாசித்து, 'ராயா' ஆக்கிவிட்டார்கள். அந்தக் கராஜில் வேலை செய்த காலம் முழுவதும் நான் ஒரு ராஜாவாக இருந்தேன் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நொர்வேக்காரர் கதைத்ததை எல்லாம் நான் எங்கள் தமிழிலேயே எழுதப்போகிறேன். அவர்கள் இந்த மலரை வாசிக்க மாட்டார்கள், அதனால் கோபிக்கவும் மாட்டார்கள். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். ஆனால் என் மேலாளர் என்னை 'நீ' என்று கூப்பிட்டதாக எழுத எனக்குக் கை வரவில்லை. 'நீர்' என்று போடுகிறேன். அவரை நான் 'நீங்கள்' என்று கூப்பிட்டதாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகதியாக வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் கை விறைத்து, ஒஸ்லோவுக்கு இறங்கி, மொழி படித்து, வாகனம் கழுவும் வேலைக்குப் போனேன். கழுவிய வாகனங்களின் அடியைக் குனிந்து பார்க்கும் பழக்கம் வந்தது. அதைக் கண்ட கராஜ் முதலாளி, "பாக்கிறதெண்டால் படிச்சுப்போட்டுப் பாரும்" என்று தொழிற்கல்விக்கு அனுப்பினார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் என்னைவிட மிகவும் இளையவர்கள். தேர்வு முடிந்த நாளில் என் கணவர் சிவபாலன் ஒரு கேக் வாங்கி வந்தார். அதில் ஒரு காரின் படம் இருந்தது. அந்தக் காருக்கு மூன்று சில்லுதான் போட்டிருந்தார்கள். நான்காவதைப் பூட்டுவது என் வேலையாம்.

கராஜில் என் மேலாளர் தூரே. என் கணவர் அந்தப் பெயரை ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. "துரை" என்றே சொல்வார். நாளடைவில் எனக்கும் வீட்டில் அவர் துரையாகிவிட்டார். ஆள் நெடுவல். நீல மேலாடையை அழுத்தி மினுக்கித்தான் போடுவார். வாகனத்தை உயர்த்தி, சில்லின் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுவார். வைத்தியர் நாடி பார்ப்பது போல இருக்கும். பிறகு ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுவிட்டுப் போவார். பிழை அங்கேதான் இருக்கும்.

பேச்சு மிகக் குறைவு. நாங்கள் ஒன்றைப் பிழையாகப் பூட்டினால் ஏச மாட்டார். அந்த போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, சாப்பாட்டு அறையில் எங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பார். பதினொரு மணிக்குச் சாப்பிட வரும்போது எல்லாருடைய கண்ணும் முதலில் தன் கோப்பையைத்தான் தேடும், பிறகு மற்றவனுடைய கோப்பையை. ஒரு முறை என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நட் கிடந்தது. அன்று செய்த வேலை எல்லாவற்றையும் திரும்பத் திறந்து பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. கடைசியில், என்னோடு வேலை செய்த ரூனேயின் சட்டைப்பையிலிருந்து அது தவறி விழுந்தது என்று தெரிந்தது. ரூனே நல்ல பிள்ளை. மேலாளர் எதைச் சொன்னாலும் 'ஓம்' என்பான், சொல்லி முடிக்க முன்னமே.

பின் சஸ்பென்ஷன்தான் என் பகுதி. அச்சையும் சில்லையும் வாகனத்தின் உடம்போடு பிணைக்கிற இரும்புக் கைகள், ஸ்பிரிங்குகள், குலுக்கத்தை அடக்குகிற சொக் அப்சோபர்கள், இடையிலே ரப்பர் புஷ்கள். ஒரு வாகனம் பள்ளத்தில் விழுந்து எழும்பி ஒன்றும் நடக்காதது போலப் போவது இவற்றால்தான்.

ஒரு தமிழ்நாட்டுத் தம்பி வந்தது ஞாபகம். கணினி வேலை செய்பவர், ரொம்மனில் வீடு.

"மேடம், பின்னாடி கடகடன்னு ஒரு சவுண்டு. ரெண்டு கராஜ்ல காட்டிட்டேன், ஒண்ணுமே இல்லங்கறாங்க."

"எப்ப கேக்குது?"

அவர் ரூனேயை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ரூனேக்குத் தமிழ் தெரியாது என்பது அவருக்கு நினைவில்லை. "மாமியார் வண்டில இருந்தா கேக்கறதில்ல மேடம். அவங்க இறங்குனா கேக்குது."

நான் சில்லுகளை ஆட்டிப் பார்த்தேன். "உங்கடை சில்லு நல்லாத்தான் கிடக்கு" என்றேன்.

"ஆமா மேடம், நான் வந்ததுலேர்ந்தே இங்க சில்லுன்னுதான் இருக்கு" என்றார்.

எங்கள் சில்லு அவர்களுக்குச் சக்கரம் என்பதையும், அவர்களுடைய 'சில்லு' எங்களுக்குக் குளிர் என்பதையும் இருவரும் கண்டுபிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. தூரேயிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் யோசித்து, "மாமியாரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும்" என்றார். அடுத்த நாள் மதுரையிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த அந்த அம்மா, பட்டுச் சேலைக்கு மேலே மருமகனின் பனிக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். "என்னைய எதுக்கு வரச் சொன்னாங்க? எனக்கு லைசென்ஸ்கூட இல்லையே" என்று கேட்டுக்கொண்டே பின் இருக்கையில் ஏறினார். அவர் ஏற வாகனம் ஒரு பிடி இறங்கியது, பின்பக்கத்தை ஆட்டினேன், சத்தம் இல்லை. இறங்கினார், திரும்ப ஆட்டினேன், சத்தம் வந்தது. பாரம் ஏறும்போது இடைவெளியை மூடிக்கொண்ட ஒரு தேய்ந்த மூட்டு, பின் வலது பக்கத்தில் அகப்பட்டது. மற்றக் கராஜ்காரர் வாகனத்தை வெறுமையாகத்தான் சோதித்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன் என்பது ஆள் ஏறினால்தான் உண்மை பேசும். இதைத் தூரே எனக்கு வாயால் சொல்லித்தரவில்லை, ஒரு மாமியாரை வைத்துக் காட்டினார்.

இனித் துரையின் காருக்கு வருகிறேன்.

தூரேயின் வீடு பியோர்ண்டால் பக்கம். அங்கே அவருடைய வாகனக் கொட்டகையில் ஒரு கார் கனகாலமாகப் பிறந்துகொண்டிருந்தது. இப்படியான கார்களைப் பெட்டி பெட்டியாகத்தான் விற்பார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று, வரைபடம் ஒரு கட்டு, மிச்சம் உங்கள் பாடு. எஞ்சினும், பின் சில்லுகளை இணைக்கிற பின்னச்சும் ஏதாவது பழைய காரிலிருந்து கழற்றிப் போடவேண்டும். கூரை இல்லை, கதவு இல்லை, இரண்டு இருக்கைகள் மட்டும். நிலத்தோடு உரசுகிற மாதிரி உட்கார்ந்து, காற்றில் கண்ணீர் வடிய ஓடுவதற்கு நொர்வேக்காரர் இவ்வளவு பாடுபடுவார்கள் என்பதை என் கணவர் கடைசிவரை நம்பவில்லை.

அந்தக் காரைத் தொட யாரையும் தூரே விட்டதில்லை. அவருடைய மனைவி இங்கெர் அந்தக் கொட்டகைக்குள் கூட்டுகிற தும்புத்தடியைக்கூட ஓட்டியதில்லை. ஆனால் அந்த வருடம் இரண்டு காரியங்கள் ஒன்றாக வந்தன. பனியில் வழுக்கி விழுந்து தூரே வலது தோளை உடைத்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து கை பட்டியில் தொங்கியது. அடுத்தது, இங்கெரின் பொறுமை முடிந்தது. "இந்தக் கோடை முடிய முன்னம் அது ஓடவேணும், இல்லாட்டி ஓடிப்போக வேணும்" என்று சொல்லிவிட்டாராம். வாங்குவதற்கு ஓர் ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் கட்டிய காரை வீதியில் விடுவதற்கு அரச பரிசோதனை உண்டு. அதற்கு நாளும் குறித்தாயிற்று. பூட்ட மிச்சம் கிடந்தது பின் சஸ்பென்ஷன்.

சாப்பாட்டு அறையில் தூரே என் எதிரே வந்து உட்கார்ந்தார். "ராயா, சனிக்கிழமையள் உமக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அவர் என்னிடம் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அது.

இன்னொரு விடயமும் காற்றில் இருந்தது. கோடை முடியத் தூரே ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்துக்கு யாரைப் போடலாம் என்று முதலாளி அவரிடமே கேட்டிருந்தார். ஒன்றில் ரூனே, அல்லது நான். எனக்கு அந்த இடம் வேண்டும் என்பதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. கணவரிடம் மட்டும் தினமும் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை போனபோது தூரே கொட்டகையில் ஒரு மடக்கு நாற்காலியில் இருந்தார். பின்னச்சு தயாராகக் கிடந்தது. ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. முன் நுனி சட்டத்தில், பின் நுனி அச்சில். அச்சு இடம் வலமாக நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு கம்பி. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் சுற்றிய சொக் அப்சோபர்.

இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் போடவேண்டும், இறுக்கக் கூடாது. அச்சின் இரண்டு நுனியிலிருந்தும் சட்டத்தின் ஒரே புள்ளிக்கு நூல் பிடித்து அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் கார் நேராக ஓடும், இல்லாவிட்டால் நண்டு மாதிரிப் போகும். பிறகு ஸ்பிரிங் இல்லாமலே, ஜாக்கியால் அச்சை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாகத் தூக்கிப் பார்க்கவேண்டும். குழாய் எதிலும் முட்டுகிறதா, எங்காவது இறுகுகிறதா. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங். சில்லுகள் நிலத்தில் நின்று, ஓட்டுகிறவருடைய பாரமும் ஏறிய பிறகே புஷ்களின் போல்ட்டை இறுக்கலாம். காரைத் தூக்கி வைத்துக்கொண்டு இறுக்கினால், இறக்கும்போது ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும். கொஞ்ச நாளில் கிழிந்துவிடும்.

இவை எல்லாம் எனக்குத் தெரியும் என்று தூரேக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றையும் நாற்காலியிலிருந்து சொன்னார். அத்தனை வருடம் பேசாமல் மிச்சம் பிடித்ததை எல்லாம் அந்தச் சனிக்கிழமை செலவழித்தார். 

ஜாக்கியால் தூக்கினேன். அச்சு வழுக்கிக்கொண்டு ஏறியது. பாதியில் கனத்தது. இன்னும் கொஞ்சம் தூக்க, இடது பக்கம் முறுகி முனகியது. இறக்கினேன், திரும்பத் தூக்கினேன். அதே இடம், அதே முனகல்.

"இறுகுது" என்றேன்.

"புது ரப்பர்" என்றார் தூரே. "ஓட ஓட இளகும்."

நான் படுத்துக்கொண்டு பார்த்தேன். வலது பக்கம் மேல் கையும் கீழ் கையும் சமாந்தரமாக நின்றன. இடது பக்கம் மேல் கை கண்ணுக்கே தெரியச் சரிந்திருந்தது. அதன் முன் நுனியைப் பிடிக்கிற இரும்புத் தாங்கி, சட்டத்தில் இருக்கவேண்டிய இடத்துக்குச் சிறுவிரல் தடிப்பு அளவு கீழே வெல்டிங்கால் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியவர் நாற்காலியில் இருந்தார்.

"இடது பக்கத்துத் தாங்கி கீழை கிடக்கு, தூரே."

"அது வரைபடத்திலை உள்ளபடிதான் கிடக்கு."

"இல்லை. வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டவேணும்."

"ராயா, அதை நான் அளந்து ஒட்டினனான். நீர் ஸ்பிரிங்கைப் போட்டு இறுக்கும்."

அந்த இடத்தில் ரூனே இருந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். மழை நாளில், வளைவில், வேகத்தில் அந்த அச்சு பாதியில் இறுகினால் பின்பக்கம் வீதியைவிட்டு எறியும். பக்கத்து இருக்கையில் இங்கெர் இருப்பார். இதையெல்லாம் நான் அழகாக எடுத்துச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நடந்தது வேறு. ஸ்பனரைத் துடைத்துக் கீழே வைத்தேன். சப்பாத்தை மாற்றினேன். "நான் இதைப் பூட்டமாட்டன்" என்று மட்டும் சொல்லி பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"வேலை முடிஞ்சுதோ?" என்று கணவர் கேட்டார்.

"எது? துரையின்டை வேலையோ, என்டை வேலையோ?" என்றேன்.

அவர் விளங்கிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். அந்த வாரம் கராஜில் தூரே என் பக்கம் வரவில்லை. என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. ரூனே மட்டும் அவருக்கு இரண்டு தரம் கோப்பி ஊற்றிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தொலைபேசி அடித்தது. தூரே.

"நாளைக்கு வாரும். வரேக்கை உம்மடை அளவுநாடாவையும் கொண்டு வாரும்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவருடைய பெட்டியில் இல்லை. இருந்த ஆயுதங்களில் மன்னிப்புக்குக் கிட்டடியாக இருந்தது இதுதான்.

போய் என் உருக்கு நாடாவால் இரண்டு பக்கமும் அளந்தோம். வலது பக்கம் வரைபடத்தோடு மயிரிழையும் பிசகவில்லை. இடது பக்கம் சிறுவிரல் தடிப்பு.

"ஒரே நாள்தான் ரெண்டையும் அளந்தனான்" என்றார் தூரே. உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். அவருடைய கை பிழை விடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் எனக்கும் குழப்பம்.

"ஒரே நாடாவாலையோ?" என்று கேட்டேன்.

தூரே தலையைத் திருப்பினார். வீட்டுக் கதவை ஒரு தரம் பார்த்தார். பிறகு நல்ல கையால் சுவர்த்தட்டிலிருந்த ஒரு பழைய கோப்பித் தகரத்தைக் காட்டினார். மேலே ஆணிகள். ஆணிகளுக்கு அடியில் ஒரு தையல் நாடா, இளஞ்சிவப்புத் துணி, பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. எண்ணெய் விரலடையாளம் முழுக்க.

"வலது பக்கம் ஒட்டி முடிய என்டை நாடாவின்டை ஸ்பிரிங் அறுந்துபோச்சு" என்றார் மெதுவாக. "கடை பூட்டியிருந்தது."

நான் அதை என் உருக்கு நாடாவுக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தேன். எத்தனையோ சட்டைகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் இழுபட்டு நன்றாக நீண்டுபோன நாடா. மேலிருந்து கீழே அளந்ததால், அது நீண்ட அளவுக்குத் தாங்கி கீழே போயிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து இங்கெர் கோப்பியும் வாஃபிளும் ஏந்திய தட்டோடு உள்ளே வந்தார். என் கையிலிருந்ததைப் பார்த்தார். தட்டை எஞ்சினுக்கு மேலே வைத்தார். அந்த எஞ்சினுக்கு மேலே யாரும் எதையும் வைக்கக் கூடாது. தூரே அதை எடுக்கவில்லை.

"அது என்டை நாடா" என்றார் இங்கெர்.

"ஓம்" என்றார் தூரே.

"நான் கேட்டனான். கண்டியளோ எண்டு கேட்டனான். காணேல்லை எண்டு சொன்னியள்."

"பிறகு வைக்கலாமெண்டு நினைச்சனான். எண்ணெய் பட்டிட்டுது."

இங்கெர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "ராயா, இது காணாமல் போன முறை என்டை தங்கச்சி இஞ்சை வந்து தைச்சவள். அவள்தான் எடுத்துக்கொண்டு போனவள் எண்டு நான் நினைச்சன். அண்டையிலையிருந்து நத்தார்ப் பரிசா அவளுக்குக் காலுறை மட்டும்தான் குடுக்கிறனான். ஒவ்வொரு வருசமும், சாம்பல் நிறக் காலுறை."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரித்தால் வேலை போய்விடும் என்ற நிலையில் சிரிப்பை அடக்குவது எப்படி என்று எந்தத் தொழிற்கல்வியிலும் சொல்லித்தருவதில்லை. இங்கெர் அங்கேயே நின்று தங்கைக்குத் தொலைபேசி எடுத்தார். "ஆன்னெ, உன்டை கால் எப்பிடியிருக்கு?" என்றுதான் தொடங்கினார். எங்களுக்குக் கேட்ட மட்டும், மறுமுனையில் நெடுநேரம் சிரிப்புத்தான்.

பிறகு இங்கெர் தீர்ப்புச் சொன்னார். "ஒரு கையாலை கார் ஓட ஏலாது. பரிசோதனைக்கு நான்தான் ஓடுவன். பிறகும் நான்தான் ஓடுவன். நீங்கள் பக்கத்திலை இருங்கோ." தூரே அதற்கும் 'ஓம்' என்றார். ரூனேகூட அவ்வளவு விரைவாகச் சொல்லியிருக்கமாட்டான்.

தாங்கியை நான் வெட்டினேன். புது இடத்தைக் குறித்து, இரண்டு முறை அளந்து, ஒட்டினேன். தூரே இடது கையால் எனக்கு விளக்குப் பிடித்தார். "கொஞ்சம் மேலை... இல்லை, கீழை... ஆட்டாதேயுங்கோ" என்று நான் தேவைக்கு மேலேயே அவரை ஏவினேன். அது ஒரு தரம்தான் கிடைக்கிற வாய்ப்பு. வெட்டி எடுத்த பழைய தாங்கியை எண்ணெய் போகத் துடைத்து, அவருடைய கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைக் கண்டார். எடுத்தார், திருப்பிப் பார்த்தார், காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

இந்த முறை அச்சு உச்சிவரை வழுக்கிக்கொண்டு ஏறியது.

அடுத்த வாரம் பாரம் வைத்து இறுக்கும் வேலை. இறுக்குவதை நின்று பார்க்கவேண்டும் என்று தூரே இருக்கையில் ஏற மறுத்தார். ஆகவே அவருடைய நிறையை நான் கேட்டுச் சொல்ல, அதற்கேற்ற அளவு அரிசி மூடைகளை எங்கள் தமிழ்க் கடையிலிருந்து கணவர் ஏற்றிக்கொண்டு வந்தார். இருக்கையில் மூடைகளை அடுக்கிப் பட்டியையும் போட்டுவிட்டேன்.

"அரிசி சோதினைக்குப் போகுதோ?" என்றார் கணவர்.

இங்கெர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து மூடைகளைப் பார்த்தார். "இது ஆர்?"

"தூரே" என்றேன்.

"எத்தினை கிலோ சொன்னவர்?"

சொன்னேன். இங்கெர் தலையை ஆட்டினார். "அது அவர் பட்டாளத்திலை இருந்த காலத்து நிறை. இன்னொரு மூடை போடும்."

தூரே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் இன்னொரு மூடையை ஏற்றினார். கார் இறங்கி, இருக்க வேண்டிய உயரத்தில் வந்து நின்றது. குறுக்குக் கம்பி படுக்கையாக நின்றது. சில்லுகள் ஏறி நின்ற பலகை மேடைகளுக்கு நடுவால் நான் அடியில் போய் ஒவ்வொரு போல்ட்டாக, அளந்த இறுக்கத்தில் இறுக்கி, மஞ்சள் மையால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன்.

"மூச்சு விடலாமோ?" என்று மேலேயிருந்து இங்கெர் கேட்டார்.

"மூச்சு விடலாம். கேக் சாப்பிடாதேயுங்கோ."

வேலை முடிய மூடைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவ்வளவு அரிசியை என்ன செய்வது. பல மாதம் துரையைத்தான் சமைத்துச் சாப்பிட்டோம். நன்றாக வெந்தார் என்பார் கணவர்.

பரிசோதனைக்கு முன்னம் ஒரு நாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தூரேயின் இடம் எனக்கு என்றார். நான் ஏன் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் ஒரு வாரம் பயந்ததற்குக் கணக்குத் தீர்க்கவேண்டும் போல இருந்தது.

"தூரே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி எடுத்தவர்" என்றார் முதலாளி. "எடுத்தவுடனை சொன்னார்: 'நேற்று ராயாவுக்கு ஒண்டைப் பூட்டச் சொன்னனான். அவ ஸ்பனரை வைச்சிட்டு வீட்டை போயிட்டா. அவவைப் போடுங்கோ.' எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. உமக்கு விளங்குதோ?"

"இல்லை" என்றேன். எல்லாவற்றையும் முதலாளிமாருக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பஸ்ஸில் வந்ததற்கு அடுத்த நாள் அது. அவருக்கு அப்போது தையல் நாடாவைப் பற்றி நினைவே வந்திருக்காது. தான் சரி, நான் பிழை என்றுதான் இருந்திருப்பார். அப்படி இருந்தும் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அன்று கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கையைத் தேவைக்கு மேலே நெடுநேரம் கழுவினேன்.

பரிசோதனை நாளில் ரூனே இழுவை வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு வந்து நிலையத்தில் இறக்கிவிட்டுக் கராஜுக்குத் திரும்பிவிட்டான். பரிசோதகர் ஓர் இளம் பெண். சில்லுகளை ஆட்டினாள், அடியில் போனாள், விளக்கடித்தாள், என் மஞ்சள் பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தூரே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தார். ஒரு சில்லை ஆட்டாமல் அவர் அவ்வளவு நேரம் இருந்ததை நான் கண்டதில்லை. பெண் வெளியே வந்து, "பின்பக்கம் ஆர் செய்தது?" என்று கேட்டாள். தூரே என்னைக் காட்டினார். நான் தூரேயைக் காட்டினேன். இங்கெர், "மூண்டு பேரும்" என்றார். தன் நாடாவையும் கணக்கில் சேர்த்துத்தான் சொன்னார் போலும். பெண் கையொப்பம் போட்டுவிட்டாள்.

இலக்கத் தகடுகளைப் பூட்டினோம். அப்போதுதான் ஒரு விடயம் உறைத்தது. நாங்கள் மூன்று பேர், காருக்கு இருக்கை இரண்டு. நான் பஸ் தரிப்பைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன்.

"ராயா, எங்கை போறீர்?" என்றார் இங்கெர். தலையில் துணி கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, எஞ்சினையும் கிளப்பிவிட்டிருந்தார். "ஏறும்."

"தூரே?"

"புதுசாப் பூட்டினது. பின்னாலை ஏதும் சத்தம் வருகுதோ எண்டு கேக்கவேணுமெல்லே? பூட்டின ஆள்தான் கேக்கவேணும். இவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பஸ் ஓடுதுதானே."

நான் தூரேயைப் பார்த்தேன். இத்தனை வருடம் கட்டிய கார். முதல் ஓட்டம். அவர் ஒரு கணம் காரைப் பார்த்தார், பிறகு மனைவியை. "சொல்லுறது சரிதான்" என்றார். பட்டியில் தொங்கிய கையோடு, தகடுகள் சுற்றி வந்த கடதாசியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ் தரிப்புக்கு நடந்தார்.

இங்கெர் அந்தக் காரை ஓட்டிய விதத்தைப் பற்றி அதிகம் எழுத முடியாது. அவருக்கு இன்னும் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது. நிலம் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஓடியது. என் தலைமயிர் எல்லாம் பின்னால் நின்றது. இங்கெர் ஏதோ பாடினார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் காதைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தேன். கடகடப்பு இல்லை, முனகல் இல்லை. வளைவில் பின்பக்கம் வீதியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சுற்றிக்கொண்டு திரும்ப அந்த வீதிக்கே வந்தபோது பஸ் இன்னும் வரவில்லை. தரிப்பில் தூரே மட்டும் நின்றார். அதற்குச் சற்று முன்னால் வாகனங்களை மெதுவாக்க வீதியில் ஒரு திட்டு போட்டிருக்கிறார்கள். இங்கெர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"கையைக் காட்டும்" என்றார் என்னிடம்.

இரண்டு பேரும் கையைத் தூக்கி ஆட்டினோம். கார் திட்டில் ஏறி, இறங்கியது. தூரே எங்களைப் பார்க்கவேயில்லை. நல்ல கையை முழங்காலில் ஊன்றி, பஸ் தரிப்பில் நன்றாகக் குனிந்து, பின் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.